எலிக்குக் குறைந்த கொழுப்பு எனக்கும் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 54. அரவக்குறிச்சி பக்கம் நாலு ஏக்கரில் செடிமுருங்கை போட்டிருக்கிறேன். ஏழு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அண்ணனுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் எனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 262, எச்.டி.எல். 46, ட்ரைகிளிசரைடு 190, எல்.டி.எல். 178. டாக்டர் அதைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கினேன், தொடவில்லை. காரணம் என் மகள். அவள் எம்.பார்ம். முடிக்கப் போகிறாள். புராஜெக்டே நம் தோட்டத்து முருங்கை இலைதான். 400 மி.கி. சாறு கொடுத்த எலிகளுக்குக் கொலஸ்ட்ரால் 168-லிருந்து 104-க்கு வந்துவிட்டது. மாத்திரை கொடுத்த எலிகளுக்கு 98. கிட்டத்தட்டச் சமம். அதனால் தினமும் காலையில் ஒரு டம்ளர் முருங்கை இலைச் சாறு குடிக்கிறேன். ராத்திரி பரோட்டாவை விட்டுவிட்டேன், நடக்கிறேன். இரண்டு மாதம் கழித்துக் கரூரில் வேறொரு லேபில் எடுத்தால் மொத்தம் 231, எச்.டி.எல். 45, ட்ரைகிளிசரைடு 140, எல்.டி.எல். 158. ஆனால் மகளே, ‘அப்பா, ஒழுங்கா மாத்திரையைப் போடுங்க’ என்று சண்டை போடுகிறாள். தான் செய்த ஆராய்ச்சியைத் தானே நம்பாவிட்டால் எதற்குச் செய்தாள்? பொடி வாங்க வரும் வியாபாரி, பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் குறையும்’ என்று போடலாம் என்கிறார். லேபில் மீந்த சாறு ஒரு பாட்டில் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதைச் சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டிலில் இருப்பதைச் சாப்பிடாதீர்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை, இத்தனை நாள் போடவில்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இந்த வாரமே தொடங்குங்கள். திட்டுவார். திட்டட்டும். இந்த இரண்டும் முடிந்தால் மீதியைச் சாவகாசமாகப் பேசலாம். பேச நிறைய இருக்கிறது.

உங்கள் மகள் தன் ஆராய்ச்சியை நம்பாமல் சண்டை போடவில்லை. அது எந்தக் கேள்விக்கான விடை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘இந்த இலையில் மேற்கொண்டு தோண்டிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?’ என்று அவர் கேட்டார். ‘இருக்கிற மாதிரிதான் தெரிகிறது’ என்று எலிகள் சொல்லியிருக்கின்றன. நீங்கள் கேட்பது வேறு: ‘அண்ணனுக்கு வந்தது எனக்கு வராமல் இது தடுக்குமா?’ அந்தக் கேள்வியை எலியிடம் யாருமே கேட்கவில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மருந்தியல் நடத்தியவன். இந்த மாதிரிப் புராஜெக்டுகள் பலவற்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் அந்த 168, 104 என்ற எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்க் காட்டுகிறேன்.

இலையைப் பறித்ததும் முதல் வேலை, தாவரவியலாளரிடம் காட்டி இன்ன செடிதான் என்று சான்று வாங்குவது. முருங்கைக்கு எதற்குச் சான்று என்று சிரிக்காதீர்கள். கீழாநெல்லி என்று வந்த ஒரு மூட்டையில் பாதிக்குமேல் அதன் பங்காளிச் செடிகள் இருந்ததைப் பார்த்தவன் நான். அப்புறம் நிழலில் உலர்த்தி, கொரகொரப்பாக அரைத்து, பெட்ரோல் மாதிரியான பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகையும் பச்சையத்தையும் கொஞ்சம் கழிப்பார்கள். பிறகு சாக்ஸ்லெட் கருவியில் எத்தனாலை மணிக்கணக்கில் சுற்றவிட்டு வடிப்பார்கள். எத்தனாலை ஆவியாக்கினால் குடுவையின் அடியில் கரும்பச்சையாக, தார் மாதிரி ஒட்டும் பசை மிஞ்சும். கரண்டியில் வழித்தால் நூல் விடும். நூறு கிராம் பொடிக்குப் பத்து கிராம் கிடைத்தால் பரவாயில்லை. உங்கள் மகள் ‘சாறு’ என்று சொல்வது இதைத்தான். நீங்கள் மிக்ஸியில் அடித்து வடிகட்டிக் குடிப்பதும் சாறுதான். பெயர் ஒன்று, பொருள் வேறு. எத்தனாலில் கரைந்து வருகிற ஸ்டிரால் என்ற கொழுப்பு இனப் பொருள்கள் தண்ணீரில் கரைவதில்லை.

இனி எலிக்கு வருவோம். எலிக்குச் சும்மா தீனி போட்டால் கொலஸ்ட்ரால் ஏறாது. நம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் சுமப்பது ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்கிற எல்.டி.எல். எலியிடமோ ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்கிற எச்.டி.எல்.தான் அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தூக்குகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் ஒரு புரதம் மனிதனிடம் உண்டு, எலியிடம் இல்லை. ரத்தக்குழாயில் கொழுப்புப் படியாத பிராணி அது. எனவே வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டும். தீவனத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கொலஸ்ட்ரால் பவுடர், அரைப் பங்கு கோலிக் அமிலம், அதோடு வனஸ்பதியோ தேங்காய் எண்ணெயோ கலந்து பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். கோலிக் அமிலம் பித்தநீரில் இருப்பதுதான். அது கூட இருந்தால் குடல் கொலஸ்ட்ராலை அள்ளி உறிஞ்சும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். குடலில் அவ்வளவு கொலஸ்ட்ரால் மிதக்கும்போது இலையில் இருக்கும் சாபோனின் என்ற நுரைப்பொருள், நார், ஸ்டிரால் எது உள்ளே போனாலும் கொஞ்சத்தைப் பிடித்து வெளியே தள்ளும். உடனே ரத்தத்தில் அளவு இறங்கும். ஆனால் உங்கள் கொலஸ்ட்ரால் அப்படியா வந்தது? தினமும் யாரும் உங்களுக்குக் கொலஸ்ட்ரால் பவுடரை உருட்டிக் கொடுக்கவில்லை. உங்கள் உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி உங்கள் உடம்பே தயாரித்தது, முக்கியமாகக் கல்லீரல். குடல் வாசலில் நிற்கும் காவலாளி, வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகும் சரக்கை எப்படித் தடுப்பான்? கொஞ்சம் தடுப்பான், மறுக்கவில்லை. ஆனால் எலியில் பார்த்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் அந்த ‘168-லிருந்து 104’. எந்த எலிக்கும் 168-லிருந்து 104-க்கு இறங்கியிருக்காது. மகளிடம் கேட்டுப் பாருங்கள். வழக்கமாக இந்த ஆய்வுகளில் கொழுப்புத் தீவனம் மட்டும் தின்ற ஆறு எலிகளின் சராசரி ஒரு எண். தீவனத்தோடு முதல் நாளிலிருந்தே சாறும் பெற்ற வேறு ஆறு எலிகளின் சராசரி இன்னொரு எண். ஏறியதை இறக்கியதற்கும் ஏறவிடாமல் பிடித்ததற்கும் வித்தியாசம் உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே ஏறியாகிவிட்டது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. உங்களுக்குக் கணக்கு வரும், தோட்டக்காரர். 400 மி.கி. என்றால் ஒரு எலிக்கு 400 அல்ல, ஒரு கிலோ உடல் எடைக்கு 400. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற நாங்கள் 6.2-ஆல் வகுப்போம், ஏனென்றால் சின்ன உடம்பில் எல்லாம் வேகமாகச் செலவாகும். அப்படி வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 65 மி.கி. நீங்கள் 65 கிலோ என்று வைத்தால் தினம் 4.2 கிராம் பசை. அதற்கு 40 கிராமுக்கு மேல் காய்ந்த பொடி வேண்டும். முருங்கை இலையில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர், ஆக காம்பு நீக்கிய பச்சை இலை 170, 180 கிராம். தினமும். உங்கள் டம்ளருக்குள் போவது ஒரு கைப்பிடி இலை, இல்லையா?

இந்தக் கணக்கை மாத்திரைப் பக்கமும் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் ஒப்பிட வைக்கும் எலிகளுக்குப் பெரும்பாலும் கிலோவுக்கு 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் கொடுப்பார்கள். அதே 6.2-ஆல் வகுத்தால் உங்கள் எடைக்கு நூறு மி.கி. தாண்டும். மனிதருக்குக் கொடுக்கும் உச்ச அளவே 80. அவ்வளவு கொடுத்துமா இலைச்சாறுக்குச் சமமாக நின்றது என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே. அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த ஸ்டேட்டின் குடும்பத்து மருந்துகளுக்கு எலியிடம் முழு வேகம் வராது.

இதற்கு ஒரு கதை உண்டு, வகுப்பில் வருடா வருடம் சொல்வேன். ஜப்பானில் சான்க்யோ மருந்துக் கம்பெனியில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுக்கும் ஒரு பொருள் எதிலாவது கிடைக்காதா என்று தேடினார். 1973-இல் அரிசியில் படர்ந்த ஒரு பென்சிலியம் பூஞ்சையில் கிடைத்தது. காம்பாக்டின் என்று பெயர். சோதனைக் குழாயில் அருமையாக வேலை செய்தது. எலிக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வாரக்கணக்கில் கொடுத்தும் கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. எலியின் கல்லீரல், ஒரு பக்கம் அடைத்தால், கொலஸ்ட்ரால் செய்ய உதவும், மருந்து முடக்கும் அதே நொதியைப் பல மடங்கு கூடுதலாகச் செய்து ஈடுகட்டிவிடும். இது பின்னால்தான் தெரிந்தது. அந்த நிலையில் கம்பெனி கோப்பை மூடியிருந்தால் கேட்பாரில்லை. முட்டையில் கொலஸ்ட்ரால் அதிகம், அப்படியானால் முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் அதிகமாக இருக்கும் என்று யோசித்துக் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இறங்கியது. பிறகு நாய், குரங்கு. இறங்கியது. அந்தக் குடும்பத்தில் முதலில் கடைக்கு வந்தது லோவாஸ்டாட்டின், 1987-இல் அமெரிக்காவில். அதுவும் ஒரு பூஞ்சை கொடுத்ததுதான். உங்கள் மேஜை டிராயரில் தூங்கும் மாத்திரைக்கு அது பெரியண்ணன்.

ஆகவே எலியில் மாத்திரைக்குச் சமமாக நின்றது என்றால், கையைக் கட்டிப்போட்ட பயில்வானோடு மல்லுக்கு நின்ற மாதிரி. மகளைக் குறை சொல்லவில்லை. நாட்டில் பாதிக் கல்லூரிகளில் எலிதான் கிடைக்கும், கொழுப்பு விஷயத்தில் மனிதனுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற ஹாம்ஸ்டர் என்ற சின்னக் கொறிவிலங்கோ கினிப் பன்றியோ வாங்கிப் பராமரிக்க வசதி இருக்காது.

எலி எதிர்ப் பக்கமும் ஏமாற்றும். இது என் சொந்த வெட்கம். பல வருடங்களுக்கு முன் கசப்பான ஒரு இலையில் ஒரு மாணவர் என்னிடம் ஆய்வு செய்தார். சாறு பெற்ற எலிகளுக்குக் கொலஸ்ட்ரால் மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாநாட்டில் படம் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கினோம். அடுத்த வருடம் வந்த மாணவி கொஞ்சம் பிடிவாதக்காரர். தினம் காலை ஆறரை மணிக்கு விலங்குக் கூடத்துக்குப் போய், ஒவ்வொரு கூண்டிலும் மீந்த தீவனத்தையும், அடியில் உதிர்ந்த தூளையும்கூடக் கூட்டி அள்ளி, தராசில் நிறுத்து நோட்டில் எழுதினார். பத்தாம் நாள் நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சாறு பெற்ற எலிகள் பாதித் தீவனத்தைத் தொடவே இல்லை. அவை தின்ற அளவு தீவனத்தை மட்டும், சாறு இல்லாமல், வேறு எலிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். அவற்றுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. எங்கள் இலை கொழுப்பைக் குறைக்கவில்லை, பசியைக் கெடுத்திருக்கிறது. உங்கள் மகளின் ஆய்வேட்டில் தீவன எடை அட்டவணை இருக்கிறதா என்று நான் கேட்டதாகக் கேளுங்கள். இருந்தால் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

எலி, முயல் எல்லாம் தாண்டி மனிதனிடம் வந்து சறுக்கிய கதையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. குக்குலு என்ற மரப்பிசின். மேதஸ் என்று ஆயுர்வேதம் சொல்லும் கொழுப்பு மிகுவதைப் பற்றிப் பழங்கால மருத்துவர் சுஸ்ருதர் எழுதிய வரிகளைப் பிடித்துக்கொண்டு, காசி இந்து பல்கலைக்கழகத்தில் சத்யவதி என்ற ஆராய்ச்சியாளர் முயல்களில் சோதித்து 1966-இல் ஆய்வேடு கொடுத்தார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கே வந்தவர் அவர். முயல்களில் நல்ல பலன். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை மேலே கொண்டுபோனது, எண்பதுகளில் மருந்தாகவே கடைக்கு வந்தது. இங்கே நடந்த சோதனைகளிலும் மனிதருக்குக் குறைந்தது என்றார்கள். 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் மாத்திரை என்று இரு தரப்புக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். நாலைந்து சதவீதம் ஏறியிருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஐந்து சதவீதம் இறங்கியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு. முப்பத்தேழு வருட உழைப்புக்கு அப்புறம் இந்த முடிவு. எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை, உண்மையாகவே. பாட்டன் சொத்து கைவிட்டுப் போன மாதிரி இருந்தது.

சரி, முருங்கைக்கு வருவோம். முருங்கை இலை வெறும் புரளி அல்ல. நைஜீரியாவில் 2000-ஆம் ஆண்டு வந்த ஓர் எலி ஆய்வில் ரத்தக் கொலஸ்ட்ரால் 14 சதவீதம் குறைந்தது. தாய்லாந்தில் முயல்களிலும் நல்ல பலன் பார்த்தார்கள், முயல் இந்த விஷயத்தில் எலியைவிட மனிதனுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற பிராணி. ஆனால் கொழுப்பு அதிகமுள்ள மனிதர்களுக்கு இந்தியாவில் இலைப்பொடி மாத்திரையாகத் தினம் 4.6 கிராம் வீதம் 50 நாள் கொடுத்துப் பார்த்தபோது மொத்தக் கொலஸ்ட்ரால் குறைந்தது 1.6 சதவீதம். எச்.டி.எல். 6 சதவீதம் ஏறியது, அது நல்லதுதான். ஆளும் குறைவு, நாளும் குறைவு. அதை வைத்து முருங்கையைத் தள்ளவும் முடியாது, மாத்திரையைத் தள்ளவும் முடியாது. உங்கள் 262-இல் 1.6 சதவீதம் என்றால் நாலு புள்ளி.

‘எனக்கு எல்.டி.எல். 20 குறைந்ததே’ என்பீர்கள். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு முதலில் கண்ணில் பட்டது ட்ரைகிளிசரைடு, 190 இருந்தது 140 ஆகியிருக்கிறது. இது மைதாவையும் ராத்திரிச் சாப்பாட்டையும் நடையையும் பார்த்து ஆடுகிற எண். அதாவது பரோட்டாவை விட்டதும் நடந்ததும் உங்கள் ரத்தத்தில் தெரிகிறது. அந்தப் புகழை முருங்கை தட்டிக்கொண்டு போகிறது. பரோட்டாவோடு போனது மைதா மட்டுமில்லை, அதில் ஊற்றுகிற டால்டாவும் பாமாயிலும். அந்த வகைக் கொழுப்பைக் குறைத்தால் எல்.டி.எல். இறங்கும். போதாததற்கு லேப் வேறு. பல லேப்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை, மொத்தத்தில் எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவார்கள். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் அந்தக் கழித்தல் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகிறது, போட்டுப் பாருங்கள். மூன்று அளவீட்டின் பிழையும் அந்த ஒரு எண்ணில் வந்து குவியும். தவிர ஒரே ஆளுக்கு, ஒன்றையும் மாற்றாமல், இரண்டு வாரம் விட்டு எடுத்தாலே எல்.டி.எல். பத்து சதவீதம் மேலும் கீழும் போகும். 178-க்கும் 158-க்கும் வித்தியாசம் பதினொரு சதவீதம்தான்.

மாத்திரையின் கணக்கு வேறு தரத்தில் இருக்கிறது. 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை 35, 40 சதவீதம் இறக்கும். உங்கள் 178 சுமார் 110 ஆகும். அதைவிட முக்கியம், எண் இறங்கியதோடு ஆள் பிழைத்தாரா என்றும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை ஐந்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 1994-இல் வந்தது. அதே வகையான சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம் குறைவு. அதற்கப்புறம் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். சுமார் 39 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. முருங்கைக்கு இப்படி யாரும் மனிதரைப் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. உங்களுக்கோ சர்க்கரை, 54 வயது, அண்ணனுக்கு 49-இல் அடைப்பு. எல்.டி.எல். 100-க்குக் கீழே வந்தாக வேண்டும். 70-க்குக் கீழே வேண்டும் என்று டாக்டர் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். அளவைக் கூட்டுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

தொடங்கும்முன் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் எடுங்கள். தைராய்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தைராய்டு மந்தமானாலும் கொலஸ்ட்ரால் ஏறும். மாத்திரை ஆரம்பித்த பிறகு வரப்பு வெட்டாத நாளிலும் தொடையிலும் தோளிலும் வலி நீடித்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பரிசோதனை, இந்த முறை அதே லேபில்.

முருங்கையை விடச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள் பொரியல், இரண்டு நாள் பருப்போடு, அடையில் அள்ளிப் போடுங்கள். சாறாக வடிகட்டும்போது நாரெல்லாம் துணியிலேயே நின்றுவிடுகிறது. கீரையாகச் சாப்பிட்டால் அதுவும் உள்ளே போகும். உங்களுக்கு அப்படியும் சோதித்துப் பார்க்கும் ஆசை இருந்தால் ஆபத்தில்லாத வழி ஒன்று சொல்கிறேன். மாத்திரையில் எல்.டி.எல். நிலைபெற்ற பிறகு, மாத்திரையை விடாமல், இரண்டு மாதம் முருங்கை சேர்த்து, இரண்டு மாதம் சேர்க்காமல் இருங்கள். ஒவ்வொரு கட்ட முடிவிலும் ஒரு வாரம் விட்டு இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். பரோட்டா நடுவில் வரக்கூடாது. வித்தியாசம் 15 சதவீதம் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், நானே அரவக்குறிச்சிக்கு வருகிறேன்.

வியாபாரி விஷயம்: வேண்டாம். உணவுப் பொருளின் பாக்கெட்டில் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று போட உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. மாட்டினால் பெயர் போட்டவர்தான் மாட்டுவார். இலையில் உள்ள சுண்ணாம்புச் சத்து, இரும்பு, புரதம் இவற்றை அங்கீகாரம் பெற்ற லேபில் அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். அதுவே நன்றாக விற்கும்.

மகளுக்கு ஒரு வார்த்தை. ஆய்வு நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த கட்டத்துக்குப் போவதானால் ஹாம்ஸ்டரிலோ கினிப் பன்றியிலோ செய்யப் பார்க்கட்டும். முதலில் கொழுப்பை ஏற்றிவிட்டு, அப்புறம் சாறு கொடுக்கட்டும். எந்தக் கூண்டுக்கு என்ன போனது என்று தெரியாத ஒருவர் ரத்தத்தை அளக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேல் சாறு என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டும். சித்திரை வெயிலில் பறித்த இலையும் ஐப்பசி மழையில் பறித்த இலையும் ஒரே சரக்கு அல்ல, உங்களுக்கே தெரியும். அதனால்தான் குவெர்செட்டின் போன்ற ஒரு அடையாளப் பொருள் நூற்றுக்கு எவ்வளவு என்று அளந்து எழுதச் சொல்கிறோம்.

பாட்டில் ஏன் கூடாது என்று சொல்லவில்லையே. அதில் பெட்ரோலியம் ஈதர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள், எலிக்கு அது தேவைப்படவில்லை. நச்சுத்தன்மை பார்த்தோம் என்பார்கள். அது பெரும்பாலும் ஒரே ஒரு வேளை கொடுத்துப் பதினாலு நாள் கவனிப்பது, தினமும் சாப்பிடுவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சர்க்கரையை இறக்கும் போக்கும் இந்த இலைச்சாறுக்கு இருப்பதாக விலங்குச் சோதனைகளில் தெரிகிறது. உங்கள் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து ஒருநாள் காலை வரப்பில் மயக்கம் போட்டு விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கவே வேண்டாம். மகளிடம் கொடுத்து லேபுக்குத் திருப்பி அனுப்புங்கள். கொடுக்கும்போது, எந்த மாதம், எந்த வயதுச் செடியில், கவாத்து செய்து எத்தனையாவது நாள் பறித்த இலை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும், அவருடைய ஆய்வேட்டில் இருக்க வேண்டியது.